பேக் பொத்தான் எங்கே கொண்டுபோய் விடும்?

இணையத்தில் பணம் கட்டிப் பழகியவர்கள் எல்லோரும் அந்த வாசகத்தைப் பார்த்திருப்பார்கள். திரையின் நடுவில் ஒரு வளையம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் அடியில் சின்ன எழுத்தில், பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம், பேக் பொத்தானை அழுத்த வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை. பொத்தான் ஒன்றைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் என்று கெஞ்சுவது வேடிக்கைதான். ஆனால் அந்தக் கெஞ்சலுக்குக் காரணம் இருக்கிறது.

பணம் வாங்கும் திரை பல நேரங்களில் டிக்கெட் விற்கும் செயலிக்குச் சொந்தமானதே அல்ல. பேமென்ட் நிறுவனம் ஒன்றின் வலைப்பக்கத்தைச் செயலி தனக்குள் திறந்து வைத்திருக்கும். வங்கி பணத்தை எடுத்துக்கொண்டதும் அந்தப் பக்கம் செயலிக்குச் சேதி சொல்ல வேண்டும். பயணி அவசரப்பட்டு பேக் பொத்தானைத் தட்டிவிட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். சேதி வரும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. கணக்கில் பணம் போயிருக்கும், கையில் டிக்கெட் இருக்காது. கவனமாகக் கட்டப்பட்ட அமைப்புகளில் இரு தரப்பு சர்வர்களும் திரைக்குப் பின்னால் தனியாகப் பேசி இதைச் சரிசெய்துவிடும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எச்சரிக்கை வாசகம் ஒன்றுதான் காவல்.

மொபைல் நிரலாக்கத்தில் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போவது சுலபம். ஒரு வரி எழுதினால் போதும். திரும்பி வருவதுதான் வேலை வாங்கும். ஆள் எங்கிருந்து வந்தார், வந்த வழியேதான் திரும்ப வேண்டுமா, இதற்குள் எந்தத் திரை காலாவதியாகிவிட்டது, அவர் பாதி நிரப்பிய படிவம் என்ன ஆயிற்று என்று இத்தனைக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள எழுதப்பட்டவைதான் நேவிகேஷன் லைப்ரரிகள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கின்றன.

அடிப்படை யோசனை என்னவோ கணினி அளவுக்குப் பழையது. கையில் வரிசையாகப் போட்ட வளையல்களில் கடைசியாகப் போட்டதுதான் முதலில் கழலும். ‘ஸ்டாக்’ எனப்படும் அடுக்கும் அப்படித்தான். 1945 இறுதியில் ஏஸ் கணினிக்காக ஆலன் டூரிங் எழுதிய திட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. ஒரு வேலையின் நடுவில் இன்னொரு துணைவேலைக்குத் தாவும் கணினி, திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துப் புதைத்து வைக்கும். துணைவேலை முடிந்ததும் தோண்டி எடுக்கும். 1957இல் மியூனிக்கைச் சேர்ந்த பிரீட்ரிக் பாவரும் கிளாவுஸ் சாமெல்சனும் இதே கருத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மொபைல் திரைகளுக்கும் அதே அடுக்குதான். புதிய திரை திறந்தால் அடுக்கின் மேல் ஏறுகிறது. நிரலாளர்கள் அதை ‘புஷ்’ என்பார்கள். பேக் அழுத்தினால் மேலே இருப்பது கழல்கிறது, அது ‘பாப்’.

இவ்வளவுதான் விஷயம் என்றால் லைப்ரரியே தேவைப்பட்டிருக்காது.

முதல் சிக்கல் பொத்தான் யாருடையது என்பதிலேயே தொடங்கியது. 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோனின் முகப்பில் ஒரே ஒரு ஹோம் பொத்தான் இருந்தது. பேக் பொத்தான் கிடையாது. பின்னால் போகும் வசதியை ஒவ்வொரு செயலியும் தன் திரையின் இடது மேல் மூலையில் தானே வரைந்துகொள்ள வேண்டும். 2008இல் ஆப் ஸ்டோர் திறந்தபோது, அந்த வேலையைச் செய்துகொடுக்கும் ‘யூஐ நேவிகேஷன் கன்ட்ரோலர்’ என்ற கருவி ஆப்பிளின் நிரல் தொகுப்பிலேயே இருந்தது. புஷ், பாப் இரண்டும் அதில் உண்டு. முந்தைய திரையின் பெயரைப் பொத்தானின் மேலேயே எழுதிக் காட்டும். எங்கே திரும்பப்போகிறோம் என்று அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அதே 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1இல் பேக் பொத்தான் கையால் அழுத்தும் நிஜப் பொத்தானாகவே இருந்தது. அது எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை, இயக்க முறைமைக்குச் சொந்தம். ஆண்ட்ராய்டில் ஒரு திரையை ‘ஆக்டிவிட்டி’ என்றார்கள். பயனர் செய்யும் ஒரு காரியத்துக்காகத் திறந்த ஆக்டிவிட்டிகளின் அடுக்கு ‘டாஸ்க்’. அந்த அடுக்கில் ஒரே செயலியின் திரைகள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்னஞ்சலில் இருந்த முகவரியைத் தட்டினால் வரைபடத் திரை மேலே வந்து அமரும். பேக் அழுத்தினால் மறுபடி மின்னஞ்சல். செயலிகளுக்கு நடுவே சுவர் இல்லாத ஊர் அது. ஐபோனில் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியவர் திரும்பி வர, திரையின் உச்சியில் சின்னதாக ஒரு வழியை ஆப்பிள் வைத்தது 2015இல், ஐஓஎஸ் 9 வந்தபோதுதான்.

சுவர் இல்லாத ஊரில் திருடனும் நுழைவான். 2019 டிசம்பரில் நார்வேயின் புரோமோன் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘ஸ்ட்ராண்ட்ஹாக்’ என்று பெயரிட்டு ஒரு ஓட்டையை அறிவித்தது. தீய செயலி ஒன்று, தன்னுடைய திரை வங்கிச் செயலியின் டாஸ்க்கைச் சேர்ந்தது என்று ஆண்ட்ராய்டிடம் பதிந்துகொள்ளும். பயனர் வங்கிச் செயலியின் சின்னத்தைத்தான் தொடுவார். மேலே வந்து நிற்பது திருடனின் போலி உள்நுழைவுத் திரை. எந்தத் திரைக்குக் கீழே எந்தத் திரை இருக்கிறது என்ற கணக்கு பிசகினால், அழகு மட்டும் கெடாது, பணமும் போகும்.

அடுக்கு எங்கே போதாமல் போகிறது என்று பார்க்க, ரயில் டிக்கெட் செயலி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முகப்பில் தொடங்குகிறது. ஊர்களும் தேதியும் கொடுத்தால் ரயில் பட்டியல். ஒரு ரயிலைத் தொட்டால் பயணிகள் விவரம். பிறகு பணம். கடைசியாக, டிக்கெட் உறுதியானது என்ற பச்சைத் திரை. அடுக்கில் இப்போது ஐந்து திரைகள். பயணி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு பேக் அழுத்துகிறார். அடுக்கு தன் விதியின்படி நடந்தால் அவர் மறுபடி பணம் கட்டும் திரைக்குப் போவார். பழைய தொகை, பழைய பொத்தான். அதை அவர் இன்னொரு முறை அழுத்தினாலும் அழுத்துவார்.

இங்கே வேண்டியது ஒரு திரையை மட்டும் கழற்றும் பாப் இல்லை. உறுதித் திரையை ஏற்றும்போதே, கீழே இருக்கும் பணம், விவரம், பட்டியல் மூன்றையும் அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு, முகப்பின் மேல் நேராக அமர்த்த வேண்டும். கூகுளின் நேவிகேஷன் லைப்ரரியில் இதற்கு ‘பாப் அப் டு’ என்று ஒரு கட்டளை இருக்கிறது: இன்ன திரை வரும்வரை கழற்று, பிறகு புதியதைப் போடு. ‘இன்குளூசிவ்’ என்று சேர்த்துச் சொன்னால் அந்தத் திரையும் போய்விடும். உள்நுழைவுத் திரைக்கு இந்த இரண்டாவது வகை வேண்டும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர் பேக் அழுத்தியதும் மறுபடி கடவுச்சொல் கேட்கும் திரையில் போய் நிற்பது, செயலி எழுதக் கற்கும் ஒவ்வொருவரின் முதல் செயலியிலும் நடப்பதுதான்.

இன்னொரு சின்ன விஷயம்: விரல் தவறுதலாக இரண்டு முறை தட்டுவது. வேகம் குறைந்த போனில் முதல் தட்டலுக்குத் திரை உடனே மாறாது. அதற்குள் இரண்டாவது தட்டல் விழுந்துவிடும். கையால் எழுதிய நிரலில் ஒரே திரை இரண்டு முறை ஏறிவிடும். பயனர் பேக் அழுத்துவார், ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும், மறுபடி அழுத்துவார். ‘லாஞ்ச் சிங்கிள் டாப்’ என்ற குறிப்பு இருந்தால், மேலே ஏற்கெனவே அதே திரை இருக்கும்போது லைப்ரரி இன்னொன்றை ஏற்றாது. ஆனால் அந்த லைப்ரரியின் ஆரம்ப வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு இரட்டைத் தட்டல் வேறு விதமான வினையாக வந்தது. எந்தத் திரையிலிருந்து எங்கே போகலாம் என்று முன்கூட்டியே வரைந்த வழிகளில்தான் அதில் வழக்கமாகப் போக வேண்டும். முதல் தட்டலில் செயலி பட்டியலிலிருந்து விவரத் திரைக்குப் போய்விட்டது. இரண்டாவது தட்டல், பட்டியலிலிருந்து புறப்படும் அதே வழியைக் கேட்கிறது. ‘நீ இப்போது நிற்கும் இடத்திலிருந்து அப்படியொரு வழி இல்லை’ என்று லைப்ரரி பிழை எறியும், செயலி மூடிக்கொள்ளும். தவறைத் தடுக்க வந்த கண்டிப்பே செயலியைச் சாய்த்துவிட்டது. அதற்காக இணையம் முழுக்க நிரலாளர்கள் எழுதிவைத்த ஒட்டுவேலைகள் ஏராளம்.

அந்த லைப்ரரி வருவதற்கு முன்பு நிலைமை இதைவிட மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு 3.0 டேப்லெட்டுகளுக்காக வந்தது. அகலமான திரையில் இடப்பக்கம் பட்டியலும் வலப்பக்கம் விவரமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காக ‘ஃப்ராக்மென்ட்’ என்ற துண்டுத் திரைகளைக் கூகுள் கொண்டுவந்தது. டேப்லெட்டுக்குப் பிறந்த துண்டுகள் சீக்கிரமே போன்களிலும் முழுத் திரையாக உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்குத் தனி அடுக்கு. ஏற்று, இறக்கு என்று சொன்னால் உடனே செய்யாமல், வேலையைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு செய்யும். அந்த இடைவெளியில் பயனர் வேறு செயலிக்குப் போய்விட்டால், செயலி தன் நிலையைச் சேமித்துவிட்டது, இனி திரையை மாற்ற முடியாது என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து எல்லாம் கவிழும். அந்தக் கால ஆண்ட்ராய்டு நிரலாளர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் செய்தியை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். தப்பிக்க ஒரு வழி இருந்தது: ‘கமிட் அலவிங் ஸ்டேட் லாஸ்’. நிலை தொலைந்தாலும் பரவாயில்லை, செய்து முடி என்பதே அதன் வேலை. பெயரிலேயே நஷ்டத்தை ஒப்புக்கொள்ளும் கட்டளை ஒன்றை நாள்தோறும் பயன்படுத்த வேண்டியிருந்ததென்றால், அடியில் எங்கோ வடிவமைப்பே கோணல் என்று அர்த்தம்.

2014 அக்டோபரில் ஸ்கொயர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பொறுமை இழந்து, ஃப்ராக்மென்ட்டே வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். கடைகளில் அட்டை தேய்த்துப் பணம் வாங்கும் செயலியை நடத்துபவர்கள் அவர்கள். திரை கவிழ்ந்தால் விற்பனை நிற்கும். திரைக் கணக்குக்காக ‘ஃப்ளோ’ என்ற லைப்ரரியையும் பொதுவில் வைத்தார்கள். வேறு நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று எழுதின. 2018 மே மாதம் கூகுள் தன் ஆண்டு மாநாட்டில் ஜெட்பேக் என்ற லைப்ரரித் தொகுப்பை அறிவித்தபோது, அதில் நேவிகேஷன் லைப்ரரியும் இருந்தது. 2019 மார்ச்சில் 1.0 வந்தது.

அதன் கருத்து எளிமையானது. செயலியின் எல்லாத் திரைகளையும், அவற்றுக்கு இடையிலான வழிகளையும் ஒரே கோப்பில் வரைபடமாக எழுது. அதில் தொடக்கத் திரை ஒன்று இருக்கட்டும். திரைகள் ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட வேண்டாம். நடுவில் ‘நேவ் கன்ட்ரோலர்’ என்று ஒருவர் இருப்பார், போக்குவரத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இந்த வரைபடம் கட்டங்களும் அம்புகளுமாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பார்த்தாலே செயலியின் பாதி புரிந்துவிடும். இது ஒன்றுக்காகவே அந்த லைப்ரரிக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அதில் பெரிய குறை ஒன்று தொடக்கத்திலேயே இருந்தது. திரையின் அடியில் முகப்பு, தேடல், பயணங்கள், கணக்கு என்று நான்கு சின்னங்கள் கொண்ட பட்டை இன்று ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் உண்டு. பயணி தேடல் பக்கத்தில் மூன்று திரை ஆழம் போய்விட்டார். நடுவில், போன தடவை எந்தப் பெட்டியில் போனோம் என்று பார்க்க ‘பயணங்கள்’ சின்னத்தைத் தொடுகிறார். பார்த்துவிட்டு மறுபடி ‘தேடல்’ சின்னத்தைத் தொட்டால் என்ன தெரிய வேண்டும்? விட்ட இடம் தெரிய வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஐபோனில் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி அடுக்கு. ஆண்ட்ராய்டில் அப்போதைய வடிவமைப்பு விதியே வேறு: சின்னத்தைத் தொட்டால் அந்தப் பகுதியின் முதல் திரைக்குப் போ, பழையதை மற. லைப்ரரியும் அந்த விதிக்கே எழுதப்பட்டிருந்தது.

பயனர்கள் விதிப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லையே. இரண்டு வகைப் போன்களையும் பயன்படுத்தும் வடிவமைப்பாளர்கள் ஐபோனில் இருப்பது இங்கேயும் வேண்டும் என்றார்கள். நிரலாளர்கள் லைப்ரரியின் உள்வேலையில் கை வைத்து, நான்கு அடுக்குகளைத் தாங்களே கட்டிப் பார்த்தார்கள். கூகுள் கடைசியில் இறங்கி வந்து, 2022 ஜனவரியில் வெளியான 2.4.0 பதிப்பில் பல அடுக்குகளை லைப்ரரியின் பகுதியாக்கியது. ஒரு பகுதியை விட்டுப் போகும்போது அதன் அடுக்கை மொத்தமாக மடித்து வைக்கும். திரும்ப வந்ததும் விரித்துப் போடும். படிவத்தில் அடித்த எழுத்துகள், பட்டியல் உருண்டு நின்ற இடம் வரை அப்படியே இருக்கும்.

இதிலும் பேக் பொத்தான் தனியாக ஒரு கேள்வி கேட்கும். நான்கு சின்னங்களையும் மாறி மாறித் தொட்ட ஒருவர் பேக் அழுத்தினால், அவர் தொட்ட வரிசையிலேயே பின்னோக்கிப் போக வேண்டுமா? போகத் தேவையில்லை என்பது கூகுளின் தீர்ப்பு. எந்தப் பகுதியின் வேரில் நின்று அழுத்தினாலும் முகப்புக்கு வரும். முகப்பில் அழுத்தினால் செயலியை விட்டு வெளியே. செயலிக்குள் நுழையும்போது கண்ட திரையும் வெளியேறும்போது காணும் திரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அது. சரியான தீர்ப்புதான். நாற்பது முறை சின்னம் மாற்றியவரை நாற்பது முறை பேக் அழுத்தவைப்பது தண்டனை.

எல்லோரும் முன்வாசல் வழியாக வருவதும் இல்லை. ‘உங்கள் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம்’ என்ற அறிவிப்பைத் தொட்டவர் நேராக டிக்கெட் விவரத் திரையில் இறங்குகிறார். அடுக்கில் அந்த ஒரு திரைதான் இருக்கிறது. பேக் அழுத்தினால் செயலியே மூடிவிடும். அவரோ முகப்புக்கு வந்து அடுத்த ரயிலைத் தேட நினைத்திருப்பார். ஆகவே, அவர் நடக்காத வழியை நடந்ததாகப் பாவித்து, முகப்பு, பயணங்கள் என்ற திரைகளைக் கீழே வைத்துக் கட்டிய ஒரு போலி அடுக்கின் மேல் டிக்கெட் திரையை நிறுத்த வேண்டும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1இலேயே இதற்கு ‘டாஸ்க் ஸ்டாக் பில்டர்’ இருந்தது. நிரலாளர் கையால் கட்ட வேண்டும். நேவிகேஷன் லைப்ரரி வரைபடத்தைப் பார்த்துத் தானே கட்டிவிடும். வலைமுகவரியைத் தொட்டால் உலாவிக்குப் போகாமல் செயலியே திறக்கும் வசதி ஐஓஎஸ் 9இலும் ஆண்ட்ராய்டு 6.0இலும், இரண்டும் 2015இல், உறுதிப்பட்ட பிறகு இந்தப் பக்கவாசல் போக்குவரத்து பெருகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு ஒரு பொருளைப் பார்ப்பவர், கடையின் முகப்பையே பார்க்காமல் வாங்கிவிட்டுப் போகிறார்.

இத்தனையும் செயலி உயிரோடு இருக்கும்போது. ஆண்ட்ராய்டில் பயனர் வேறு செயலிக்குப் போனதும் முந்தைய செயலி நினைவகத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடம் போதாவிட்டால் இயக்க முறைமை அதைக் கேட்காமலே கொன்றுவிடும். டிக்கெட் செயலியில் பயணிகள் விவரத்தைப் பாதி அடித்துவிட்டு, அடையாள அட்டையைப் படம் எடுக்க கேமராவைத் திறந்தால் போதும். விலை குறைந்த போன்களில் அது நடக்கும். பயனர் திரும்பும்போது அதே திரை, அதே அடுக்கோடு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காக, பின்னணிக்குப் போகும் நேரத்தில் ஒவ்வொரு திரையும் தன் நிலையை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி இயக்க முறைமையிடம் ஒப்படைக்கும்.

சிறு பொட்டலம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். செயலிக்கும் இயக்க முறைமைக்கும் நடுவே சாமான் ஏற்றிப்போகும் ‘பைண்டர்’ என்ற பாதையில், ஒரு செயலிக்கு ஒதுக்கியுள்ள மொத்த இடம் ஏறத்தாழ 1 எம்பி. அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் இந்த 1 எம்பி. ரயிலைத் தேர்ந்தெடுத்ததும் அதன் முழு விவரத்தையும், இருக்கை வரைபடத்தோடும் படங்களோடும், அடுத்த திரைக்குத் தூக்கிக் கொடுக்கும் நிரலாளர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். திரைகள் ஏற ஏறப் பொட்டலம் பெரிதாகும். ஆண்ட்ராய்டு 7.0க்கு முன்பு அளவு மீறினால் நிலை சத்தமில்லாமல் தொலைந்தது. அதற்குப் பிறகு செயலியே பிழையோடு மூடிக்கொள்கிறது. கூகுளின் ஆலோசனை, திரைகளுக்கு இடையே அடையாள எண்ணை மட்டும் அனுப்பு, மற்றதை அடுத்த திரை தரவுத்தளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும் என்பது. ரயில் எண் ஐந்து இலக்கம். அது போதும்.

மற்ற ஊர்களிலும் கதை இதேதான், வேகமாகச் சொல்லிவிடலாம். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவுவதற்காக ஃபேஸ்புக் 2015இல் பொதுவில் வைத்த ரியாக்ட் நேட்டிவ், திரை மாற்றத்துக்கு அடுத்தடுத்து சில கருவிகளை முயன்று கைவிட்டது. 2017இல் வந்த ‘ரியாக்ட் நேவிகேஷன்’ நிலைத்தது. அதே வகையைச் சேர்ந்த கூகுளின் ஃப்ளட்டர், எளிய புஷ்-பாப் முறையோடு தொடங்கி, 2020இல் இரண்டாவது முறை ஒன்றைக் கொண்டுவந்தது. சக்தி வாய்ந்தது, ஆனால் ஒரு பொத்தானுக்கு எழுத வேண்டிய நிரலைப் பார்த்துப் பலர் மிரண்டார்கள். அதன் மேல் எழுந்த ‘கோ ரவுட்டர்’ என்ற லைப்ரரிதான் அந்தச் சிக்கலை மூடிமறைத்துப் பிழைக்க வைத்தது. ஆப்பிள் 2022இல் ஐஓஎஸ் 16இல் ‘நேவிகேஷன் ஸ்டாக்’ கொடுத்தது. அதில் அடுக்கு ஒரு சாதாரண வரிசைப் பட்டியல். நிரலாளர் பட்டியலை மாற்றினால் திரைகள் தாமாக மாறும்.

கூகுளும் 2025 மே மாதம் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது அறிமுகப்படுத்திய ‘நேவிகேஷன் 3’ லைப்ரரியில் முன்பிருந்த வரைபடக் கோப்பு இல்லை, போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் இல்லை. அடுக்கு என்பது நிரலாளரே வைத்திருக்கும் ஒரு பட்டியல். புதிய திரை வேண்டுமா, பட்டியலின் கடைசியில் சேர். பேக் வேண்டுமா, கடைசியை நீக்கு. டிக்கெட் உறுதியானதா, முகப்பைத் தவிர மற்றதை நீக்கிவிட்டு உறுதித் திரையைச் சேர். பட்டியலில் இருப்பதைக் காட்டுவதும், அசைவூட்டுவதும், நிலையைக் காப்பதும் மட்டுமே லைப்ரரியின் வேலை. ‘பாப் அப் டு’, ‘இன்குளூசிவ்’ போன்ற மந்திரச் சொற்களுக்கு அங்கே தேவையே இல்லை. அடுக்கை நிரலாளரின் கண்ணிலிருந்து மறைத்து வைத்ததுதான் 2018 லைப்ரரியின் அடிப்படைக் குறை. எதை மறைத்தார்களோ அதற்குள் கை விட ஆயிரம் கட்டளைகள் தேவைப்பட்டன. இந்த ஒப்புதலுக்குக் கூகுளுக்கு ஏழு ஆண்டு ஆனது.

இதற்கிடையில் பல போன்களில் பொத்தானே காணாமல் போய்விட்டது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, திரையின் இடது அல்லது வலது ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் பேக் என்று ஆயிற்று. ஓரத்திலிருந்து இழுத்துத் திறக்கும் பக்கப்பட்டிகளை வைத்திருந்த செயலிகள் எல்லாம் தடுமாறின. சில இடங்களில் மட்டும் பேக் வேண்டாம் என்று செயலி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு பக்கத்துக்கு, ‘டிபி’ என்ற திரை அளவை அலகில், 200 டிபி உயரத்துக்கு மேல் கிடைக்காது. அதை மீறி ஓரம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் பயனர் செயலிக்குள் சிறைப்பட்டுவிடுவார் என்ற அச்சம்.

2022இன் ஆண்ட்ராய்டு 13 இன்னொரு படி போனது. விரலை மெதுவாக இழுக்கும்போதே, விட்டால் எங்கே போவீர்கள் என்று பின்னால் இருக்கும் திரையை எட்டிப்பார்க்க விடும் வசதிக்கு அது அடித்தளம் போட்டது. கேட்பதற்குச் சின்ன அலங்காரம். ஆனால் அதற்காக ஆண்ட்ராய்டு தன் பழைய பழக்கம் ஒன்றையே மாற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் பேக் அழுத்திய பிறகுதான் செயலியிடம் ‘என்ன செய்யப்போகிறாய்’ என்று கேட்கும். இப்போது விரல் அசையும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும். பேக் வந்தால் எனக்கு வேலை இருக்கிறது, அல்லது இல்லை என்பதைச் செயலி முன்கூட்டியே அறிவித்து வைக்கிறது. அழுத்திய பிறகு யோசிக்கும் பழைய நிரல்களில் இந்த எட்டிப்பார்த்தல் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்து எழுதும் செயலிகளுக்கு இதுவே இயல்புநிலை.

செயலி எழுதுகிறவர்கள் எந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால், பயனர் விட்டு நகர்ந்த ஒவ்வொரு ஆக்டிவிட்டியையும் போன் அந்த நிமிடமே அழித்துவிடும். அந்த நிலையில் செயலியைத் திறந்து, ஒரு படிவத்தைப் பாதி நிரப்பி, வேறு செயலிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அடித்த எழுத்துகள் இருக்கின்றனவா, பேக் சரியான இடத்துக்குப் போகிறதா, அறிவிப்பு வழியாக நுழைந்தால் முகப்புக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் சுவிட்சை மறக்காமல் அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் போனில் இருக்கும் மற்ற செயலிகளும் தங்கள் திரைகளை இழந்துகொண்டே இருக்கும்.